டையின் சுருக்கத்தை நீக்க, பையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி எது?

பயணப்பை | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வேலை பார்க்கும் மருந்துப் பிரதிநிதி. மாதத்தில் ஏறத்தாழப் பத்து நாள்கள் தேனி, போடி, கம்பம் என்று வெளியூர் வேலை இருக்கும். அவற்றுள் இரண்டு நாள்கள் கொடைக்கானலுக்கு உரியவை. எங்கள் தொழிலில் டை அணிவது விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு இரு சக்கர வண்டியில் போனால் காற்றில் பறந்து முகத்தில் அறைவதோடு தூசியும் வியர்வையும் படிந்துவிடும் என்பதால், பெரும்பாலான ரெப்களைப் போலவே நானும் அதைக் கழற்றிப் பையின் பக்க அறையில் திணித்துவிட்டு, கிளினிக் வாசலில் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன். மாலைக்குள் அது கசக்கி எறிந்த பேருந்துச் சீட்டைப் போல ஆகிவிடுகிறது.

சட்டையையும் பேண்ட்டையும் தங்கும் ஊரில் இஸ்திரிக்குக் கொடுத்துவிடலாம். டையை ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். அப்பளம் போலத் தட்டையாகித் திரும்பி வந்தது. பின்பக்கத் தையலின் தடம் முன்பக்கத்தில் நேர்கோடாகப் பளபளத்தது. அதன்பின் யாரிடமும் கொடுப்பதில்லை.

கடைகளிலும் இணையத்திலும் மூன்று வகையான கருவிகளைப் பார்த்தேன். முதலாவது கையடக்க நீராவி ஸ்டீமர். இரண்டாவது கைப்பிடி மடங்கும் பயண இஸ்திரிப் பெட்டி. மூன்றாவது, இடுக்கி போல இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவே டையை வைத்து இழுக்கும் கருவி. என்னிடம் இருப்பவை நிறுவனம் கொடுத்த மூன்று பாலியெஸ்டர் டைகளும், திருமணத்திற்கு வந்த இரண்டு பட்டு டைகளும். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. எடை கூடக் கூடாது. பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கத்தரிக்கோல் | திங்கள், இரவு 10.40

திருச்சியில் முப்பது ஆண்டுகளாகக் கோட்டு தைத்துவருகிறேன். டைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதும் உண்டு. எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன், உங்கள் டையைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அது ஒற்றைத் துணியன்று. உள்ளே பொருள் வைத்து மூடிய நீளமான பை. வெளித்துணிக்குள் கேன்வாஸ் ஒன்று முழு நீளத்திற்கும் படுத்திருக்கிறது. நல்ல டையில் இது கம்பளியாகவோ கம்பளி கலந்ததாகவோ இருக்கும். இரண்டு பக்கத் துணியையும் அதன்மேல் மடித்துக் கொண்டுவந்து, நடுவில் தளர்வாக ஓடும் ஒற்றை நூலால் சேர்த்திருப்பார்கள். அந்த நூலின் ஒரு முனை சிறு வளையமாகத் தொங்கும்படி விடப்பட்டிருக்கும். கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் துணி இழுபட்டாலும், நூல் நெகிழ்ந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்பதற்காகவே இந்தத் தளர்வு.

இன்னொன்று, துணியைக் குறுக்காக, அதாவது 45 பாகையில் வெட்டியிருப்பார்கள். எங்கள் தொழிலில் இதை கிராஸ் வெட்டு என்போம். 1920களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்ற டை தயாரிப்பாளர் இப்படி வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் தைக்கப்படுபவை பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. குறுக்காக வெட்டிய துணி ரப்பரைப் போல இழுபடும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தள்ளினால், சுருக்கம் போவதற்கு முன்பே டை கோணலாகிவிடும்.

மூன்றாவதும் முக்கியமானதுமான செய்தி, டையின் இரண்டு ஓரங்களும் மடிப்புகள் அல்ல, உருண்டைகள். புதிய டையின் ஓரத்தை விரலால் வருடினால் மெத்தென்று இருக்கும். அந்த உருண்டை இருக்கும்வரைதான் டைக்கு உயிர். உங்கள் டை அப்பளமானது இஸ்திரிக்காரரின் குற்றமன்று. சட்டைக் காலரைத் தேய்ப்பது போலத் தேய்த்தால் எந்த டைக்கும் அந்தக் கதிதான். எனவே டையைத் தட்டையாக்கும் எந்தக் கருவியும் வேண்டாம் என்பது என் கருத்து. இடுக்கி வகை முதலில் கழிந்துவிடுகிறது.

மின்னோட்டம் | செவ்வாய், காலை 7.05

கத்தரிக்கோல் ஐயா துணியின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பிளக்கின் பக்கத்தைச் சொல்கிறேன். லாட்ஜ் அறைகளில் கட்டிலருகே இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். 1500 வாட் ஸ்டீமர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். அது சாக்கெட்டின் அளவைத் தாண்டுவதால் சாக்கெட் சூடேறக்கூடும். ஆகவே 1000 முதல் 1200 வாட்டுக்குள் வாங்குங்கள். 1200 வாட்டுக்கு 5.2 ஆம்பியர்தான் வரும்.

குறைந்த வாட்டில் நீராவி போதுமா என்று கேட்பீர்கள். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க, சுமார் 2550 ஜூல் தேவை. எனவே 1000 வாட் கருவி இழப்பே இல்லாமல் இயங்கினாலும் நிமிடத்திற்கு 23 கிராம் நீராவிக்குமேல் தர முடியாது. அதற்குமேல் தருவதாக அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி தொட்டி நான்கு நிமிடங்களுக்கு மேல் வரும். ஒரு டைக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

இதே கணக்கை யு.எஸ்.பி. வயரில் ஓடுவதாக விற்கப்படும் ஸ்டீமர்களுக்கும் போட்டுப் பாருங்கள். 20 வாட்டில் கிடைப்பது நிமிடத்திற்கு அரை கிராம்கூட இல்லை. அதைக் கொண்டு டையின் சுருக்கத்தை நீக்குவதைவிட டையின் அருகில் அமர்ந்து பெருமூச்சு விடலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் கருவியின் அடியிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்து, அதை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால், மின்திறன் மூன்றரை மடங்குக்கும் மேலாகிக் கருவி எரிந்துவிடும். இரண்டு அழுத்தங்களுக்கும் பொருந்துவதாக எழுதியிருந்தாலும், சில பயண இஸ்திரிப் பெட்டிகளில் நாம்தான் சிறு சுவிட்சைத் திருப்பி வைக்கவேண்டியிருக்கும். இரயிலில் படுக்கைக்கு அருகிலுள்ள சாக்கெட்டில் இவற்றுள் எதையும் செருக வேண்டாம். அது கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உரியது. கெட்டில் போன்ற வெப்பக் கருவிகளுக்கு அங்கே தடை உண்டு.

ஐப்பசி மாப்பிள்ளை | செவ்வாய், காலை 11.30

இடையில் ஒரு கேள்வி. வருகிற மாதம் எனக்குத் திருமணம். வரவேற்புக்குக் கோட்டும் டையும் எடுத்திருக்கிறோம். மண்டபத்தில் கடைசி நேரத்தில் டை கசங்கியிருந்தால், மணமகள் அலங்காரத்திற்கு வருபவரிடம் இருக்கும் முடி நேராக்கும் கருவியால் ஒருமுறை இழுத்துக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். பயணப்பை சொன்ன இடுக்கிக் கருவியும் இதுவும் ஒன்றுதானே?

வரவேற்பறை | செவ்வாய், பிற்பகல் 2.18

வேண்டாம், தம்பி. நான் ஓட்டல் ஒன்றின் முன்வரவேற்பில் வேலை செய்கிறேன். சீருடையில் டை உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் பொது மேலாளர் வருகிறார் என்ற பதற்றத்தில், தோழியின் முடி நேராக்கும் கருவியை வாங்கி, அடர்நீலப் பாலியெஸ்டர் டையின் அகல முனையை அதற்குள் வைத்து மெதுவாக இழுத்தேன். சுருக்கம் போய்விட்டது, ஆனால் கருவி சென்ற பாதை முழுவதும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. இருபது நிமிடங்கள் கழித்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன், போகவில்லை. மறுநாள் துவைத்தும் போகவில்லை. அன்று முழுவதும் கோட்டின் பொத்தானைக் கழற்றாமலேயே நின்றேன்.

ஊடும்பாவும் | செவ்வாய், இரவு 8.55

கோயம்புத்தூரில் நெசவு ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வரவேற்பறை சொன்ன மினுமினுப்பு ஏன் போகாது என்பதைச் சொன்னால், கருவியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

சுருக்கம் என்பது இழைக்குள் நடக்கும் செய்தி. பட்டு ஒரு புரதம். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. மடித்து அழுத்தி வைக்கும்போது, வியர்வையின் ஈரமும் உடற்சூடும் சேர்ந்து அந்தப் பிணைப்புகளில் சிலவற்றை அவிழ்த்துவிடுகின்றன. காயும்போது மடிந்த நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகிவிடுகின்றன. நீக்கவேண்டுமானால் இதே செயலை மறுபடி நிகழ்த்தவேண்டும், அதாவது ஈரம் கொடுத்துப் பிணைப்பை அவிழ்த்து, நேரான நிலையில் காயவிடவேண்டும். பட்டு ஈரத்தை விரும்பி ஏற்கும் இழை. இயல்பான காற்றிலேயே தன் உலர் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் கம்பளிக் கேன்வாஸ் அதைவிடக் கூடுதலாகவே ஏற்கும். எனவே பட்டு டைக்கு நீராவி பட்டவுடனேயே வேலை தொடங்கிவிடுகிறது. வெப்பம் அதிகம் தேவையில்லை, அழுத்தம் தேவையே இல்லை.

பாலியெஸ்டரின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது ஏற்கும் ஈரம் 0.4 சதவீதம்தான். தண்ணீரோடு அதற்கு உறவே கிடையாது என்று சொல்லிவிடலாம்; அதை நெகிழ்த்துவது வெப்பம் மட்டுமே. சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் மூலக்கூறுகள் விறைப்பு நீங்கி நகரத் தொடங்குகின்றன. ஆலையில் துணியை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரியில் இழுத்துப் பிடித்து நிலைப்படுத்தியிருப்பார்கள். பையில் திணித்ததால் வந்த சுருக்கம் அந்த நிலையை அழிக்கும் அளவுக்கு வலுவானதன்று. ஆகவே 100 டிகிரி நீராவி பட்டாலே துணி தன் பழைய நேர்நிலையை நினைவுகூர்ந்து திரும்பிவிடும். ஆனால் முடி நேராக்கும் கருவிகள் 150 முதல் 230 டிகிரிவரை போகக்கூடியவை. அந்தச் சூட்டில் தகட்டின் அழுத்தமும் சேரும்போது, உருண்டையான இழைகளின் மேற்பரப்பு நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. தட்டையான பரப்பு கண்ணாடிபோல ஒளியைத் திருப்புகிறது. வரவேற்பறை கண்ட மினுமினுப்பு கறையன்று, உருக்குலைவு. அதனால்தான் துவைத்தாலும் போகவில்லை.

இதிலிருந்து நடைமுறைக்குரிய விதி ஒன்று கிடைக்கிறது. பட்டு காயும்வரை நேராக இருக்கவேண்டும்; பாலியெஸ்டர் ஆறும்வரை நேராக இருக்கவேண்டும். ஸ்டீமர் காட்டியவுடன் சூட்டோடு எடுத்துக் கட்டிக்கொள்பவர்கள், நீக்கிய சுருக்கத்திற்குப் பதிலாகப் புதிய சுருக்கத்தைத் தாங்களே நிலைப்படுத்திக்கொள்கிறார்கள். கருவி சரியில்லை என்று எழுதப்படும் குறைகளில் பாதி இதனால் வந்தவையாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

நம் வீட்டுப் பெண்கள் இதை அறிந்தவர்கள்தாம். பீரோவில் இருக்கும் பட்டுப் புடவையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பு மாற்றி வைக்கிறார்களே, அது ஒரே மடிப்பில் இழை நெடுநாள் அழுந்தி இற்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பயணப்பை | செவ்வாய், இரவு 10.02

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. அப்படியானால் ஸ்டீமர்தான் என்று முடிவுக்கு வருகிறேன். ஒரே ஓர் ஐயம். கொடைக்கானலில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பள்ளியில் படித்த நினைவு. அங்கே பாலியெஸ்டருக்கு நீராவி போதுமா?

ஊடும்பாவும் | செவ்வாய், இரவு 10.20

நல்ல கேள்வி. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். அதுவும் 80க்கு மேல்தான். எனவே வேலை நடக்கும், ஸ்டீமரைச் சற்று நெருக்கமாகப் பிடித்தால் போதும். உங்களுக்கு அங்கே வரக்கூடிய சிக்கல் வேறு. குளிர்ந்த அறையில் நீராவி விரைவாகத் துளியாகிவிடும். அந்தத் துளி பட்டில் விழுந்தால் தண்ணீர்த் தடம் நின்றுவிடக்கூடும்.

தேம்ஸ்கரை | புதன், அதிகாலை 3.47

லண்டனிலிருந்து எழுதுகிறேன். நாள்தோறும் டை கட்டும் அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், இங்கே எல்லாரும் தகடுகளைக் கைவிடுவதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் பழைய ஓட்டல் அறைகளில் சுவரோரமாக கார்பி டிரவுசர் பிரஸ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே கால்சட்டையை வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினால், மிதமான சூட்டில் அழுத்தி எடுத்துவிடும். அவசரத்திற்கு அதில் டையையும் வைத்து எடுத்திருக்கிறேன், எதுவும் கெட்டுவிடவில்லை. கெடுப்பது தகடன்று, கட்டுப்பாடற்ற சூடு. வெப்பநிலையை 110 டிகிரிக்குள் நிறுத்தும் இடுக்கிக் கருவி இருந்தால், தண்ணீரும் வேண்டாம், துளி விழும் அச்சமும் வேண்டாம், பையில் ஈரமும் இராது. ஊர் ஊராகத் திரியும் பயணப்பைக்கு அது உண்மையில் வசதியன்றோ?

கத்தரிக்கோல் | புதன், காலை 9.15

சூட்டைக் குறைத்தால் துணி கருகாது, மின்னாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள், ஐயா. கால்சட்டைக்குக் கத்தி போன்ற மடிப்பு வேண்டும். அதை உண்டாக்கவே இரண்டு பலகைகள் சேர்ந்து நெருக்குகின்றன. டைக்கு வேண்டியது மடிப்பே இல்லாத ஓரம். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நோய். ஒருமுறை வைத்ததில் கெடவில்லை என்பது சரி. மாதம் பத்து முறை வைத்தால், ஆறு மாதத்தில் இரண்டு ஓரங்களும் கூர்மையாகிவிடும். கூர்மையான ஓரத்தில்தான் பட்டு முதலில் நைந்து கிழியும். என்னிடம் பழுதுக்கு வரும் டைகளில் கிழிசல் பெரும்பாலும் அந்த ஓரத்திலோ முடிச்சு விழும் இடத்திலோதான் இருக்கிறது.

தகட்டைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், அதை வெளியே வைப்பதற்குப் பதிலாக உள்ளே வையுங்கள். ரெடிமேட் சட்டை வாங்கும்போது உள்ளே ஓர் அட்டை வருமல்லவா, அதை டையின் வடிவத்திற்கு, ஆனால் இரு பக்கமும் கால் அங்குலம் குறைவாக வெட்டி, முனைகளை வட்டமாக்கிக்கொள்ளுங்கள். அகல முனையின் பின்பக்கத் திறப்பு வழியாக, கேன்வாஸுக்கும் பின்தையலுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தால், டை தன் முழு அகலத்திற்கு விரிந்து நிற்கும். தையலின் தடமும் முன்பக்கத்திற்கு வராது. பிறகு ஸ்டீமர் காட்டினால் நேராகவே காயும். பயண இஸ்திரிப் பெட்டிதான் கையில் இருக்கிறது என்றாலும், இந்த அட்டையை உள்ளே வைத்து, மேலே ஈரமான கைக்குட்டையை விரித்து, பெட்டியைத் தள்ளாமல், ஓரங்களைத் தொடாமல், நடுப்பகுதியில் மட்டும் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் தப்பிக்கலாம். வடிவத்திற்கேற்ற அச்சை உள்ளே நுழைத்து டையை நேராக்கும் எண்ணம் புதியதன்று. மேலைநாடுகளில் அதற்கென்றே அச்சுகள் செய்து விற்றிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அட்டை நனைந்து தொய்கிறதே என்று நான் ஒருமுறை பழைய எக்ஸ்-ரே ஃபிலிமை வெட்டிப் பயன்படுத்தினேன். நீராவிக்கு அருமையாக ஈடுகொடுத்தது. அந்தத் தெம்பில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஃபிலிம் உள்ளேயே சுருண்டுகொண்டது. அதுவும் பாலியெஸ்டர்தான் என்று ஊடும்பாவும் ஐயாவின் பதிலைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. தையலைப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

தேம்ஸ்கரை | புதன், மாலை 5.30

ஓரம் கூர்மையாவதைப் பற்றிச் சொன்னதும் என் பழைய டைகளை எடுத்துப் பார்த்தேன். சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் பாலியெஸ்டர் டையில் உருண்டை ஓரத்தைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி எனக்கு எஞ்சியிருக்கிறது. நிறுவனம் ஆண்டுதோறும் புதிதாகக் கொடுத்துவிடுமே.

பழைய ரெப் | புதன், இரவு 9.48

பயணப்பைத் தம்பிக்கு வாழ்த்துகள். நானும் இருபத்தெட்டு ஆண்டுகள் இதே தொழிலில், இதே தேனிச் சாலையில் அலைந்தவன். நோய் வந்தபின் மருந்து தேடுகிறீர்கள். வராமல் தடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. மருந்து விற்பவர்கள் நாம் என்பதால் இப்படிச் சிந்திக்கிறோமோ என்னவோ.

கழற்றும்போது குறுகிய முனையைப் பிடித்து முடிச்சுக்குள்ளிருந்து உருவாதீர்கள். கட்டிய வழியிலேயே, ஒவ்வொரு சுற்றாக அவிழுங்கள். பிறகு திணிக்காமல், டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, குறுகிய பக்கத்திலிருந்து தளர்வாகச் சுருட்டி, ஒரு வட்ட டப்பாவுக்குள் வையுங்கள். நான் வைத்திருந்தது வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா, மூடியில் இரண்டு துளை போட்டது. சுருட்டி வைத்த டை இரவோடு இரவாகத் தானே சீராகிவிடும். உள்ளே இருக்கும் கம்பளி மீளும் தன்மை கொண்டது என்பதைக் கத்தரிக்கோல் போன்றவர்கள் இன்னும் நன்றாக விளக்குவார்கள். லாட்ஜில் தங்கினால், வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவின் உட்புறம் தொங்கவிடுவேன், அதுவே ஸ்டீமர். பின்னல் டை மட்டும் தொங்கவிடக் கூடாது, நீண்டுவிடும்.

இவ்வளவையும் செய்தால் கருவியே வேண்டாம் என்பது என் தரப்பு.

வரவேற்பறை | புதன், இரவு 10.30

ஐயா சொல்வது கம்பளிக் கேன்வாஸ் இருக்கும் பட்டு டைக்குப் பொருந்தும். எங்கள் சீருடை டைக்குள் இருப்பது மெல்லிய செயற்கை அட்டை போன்ற ஒன்று. அது இரவெல்லாம் தொங்கினாலும் காலையில் அப்படியே இருக்கும். குளியலறை முறையும் கீசர் நன்றாக வேலை செய்யும் லாட்ஜில்தான் நடக்கும். பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கும் இடங்களில் என்ன செய்வது?

பழைய ரெப் | புதன், இரவு 10.41

அந்த பக்கெட்டின் மேலேயே பிடித்திருக்கிறேன், அம்மா. ஆனால் உள்ளே விழுந்த நாளும் உண்டு.

மின்னோட்டம் | வியாழன், காலை 6.50

ஸ்டீமர் வாங்குவதாக இருந்தால் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், ஆவியாகாமல் தங்கும் சுண்ணாம்பு சில வாரங்களில் துளைகளை அடைத்துவிடும். அதன்பின் கருவி நீராவிக்குப் பதிலாக வெள்ளைத் துகள் கலந்த நீரைத் துப்பும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், மின்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சிறு புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதில் சுண்ணாம்பு இராது என்றாலும், குழாயின் தூசியும் பாசியும் கலந்திருக்கும் என்பதால் துணிக்கு நான் அதைப் பயன்படுத்தமாட்டேன். ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி வைத்துக் கழுவலாம். கருவியோடு வரும் கையேடு அதைத் தடுக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பயணப்பை | ஞாயிறு, நான்கு வாரங்களுக்குப் பின், இரவு 8.20

பாதியில் விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். 1000 வாட் கையடக்க ஸ்டீமர் வாங்கினேன். தண்ணீர் இல்லாமல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முறை தேனிக்கும் ஒருமுறை கொடைக்கானலுக்கும் உடன் வந்தது.

முதல் நாள் அவசரப்பட்டு, சூடேறுவதற்குள் பட்டு டைக்கு எதிரே பிடித்துவிட்டேன். மூன்று துளிகள் விழுந்து, நாணய அளவில் தடம் தெரிந்தது. மறுநாள் அந்த இடம் முழுவதற்கும் தூரத்திலிருந்து சீராக நீராவி காட்டியபோது தடத்தின் விளிம்பு கரைந்து மங்கிவிட்டது. இப்போது நான் காட்டினால்தான் தெரியும். அதிலிருந்து, முதல் அரை நிமிடம் கைக்குட்டையின்மேல் பாய்ச்சி, துப்புவது நின்ற பிறகே டைக்குத் திருப்புகிறேன்.

முறை இப்போது இப்படிப் படிந்துவிட்டது. சட்டை அட்டையை வெட்டி உள்ளே நுழைத்து, ஜன்னல் கம்பியில் ஹேங்கரை மாட்டி டையைத் தொங்கவிடுவேன். பட்டுக்கு நான்கு விரல் தூரத்திலும், பாலியெஸ்டருக்கு இரண்டு விரல் தூரத்திலும் மேலிருந்து கீழாக இரண்டு முறை காட்டிவிட்டு, குளித்து முடிக்கும்வரை தொடுவதில்லை. பாலியெஸ்டர் டைகள் மூன்றும் புதியவை போல ஆகிவிட்டன. கொடைக்கானலில் மூன்றாவது முறையும் காட்டவேண்டியிருந்தது. பழைய ரெப் அண்ணன் சொன்ன வட்ட டப்பாவையும் வாங்கிவிட்டேன். அதன்பின், உண்மையைச் சொன்னால், ஸ்டீமரை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். சட்டைக் காலருக்கும் அது உதவுகிறது என்பது எதிர்பாராத ஆதாயம்.

ஒரே ஒரு குறை. பட்டு டைகளில் ஒன்றில், அகல முனையிலிருந்து ஒரு சாண் மேலே, குறுக்காகச் சின்னச் சின்ன நெளிவுகள் இருக்கின்றன. எவ்வளவு நீராவி காட்டினாலும் போகவில்லை. நீராவி படும்போது மறைவதுபோல் தோன்றி, கையில் எடுத்தவுடன் மீண்டும் வந்துவிடுகிறது.

கத்தரிக்கோல் | ஞாயிறு, இரவு 9.05

அது சுருக்கமன்று, தம்பி, நூலின் வேலை. டையைத் திருப்பிப் பின்பக்க நடுத்தையலைப் பாருங்கள். நான் முதலில் சொன்ன ஒற்றை நூல் எங்காவது இழுபட்டு இறுகியிருக்கும். இறுகிய நூல் துணியைக் கூட்டிப் பிடிக்கிறது. அதை எந்த நீராவியும் நெகிழ்த்தாது. நூலின் முனையில் வளையம் தொங்குகிறதா, உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். உள்ளே போயிருந்தால், நெளிவு இருக்கும் இடத்திற்கு இரு பக்கமும் டையைப் பிடித்து, நீளவாக்கில் மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். நூல் பகிர்ந்துகொண்டு நெளிவு கலைந்துவிடும். பலமாக இழுத்தால் அறுந்துவிடும், கவனம்.

இழுத்தும் போகவில்லை என்றால், எப்போதாவது வீட்டில் தண்ணீரில் நனைத்துத் துவைத்தீர்களா என்று சொல்லுங்கள். வெளித்துணியைவிடக் கேன்வாஸ் கூடுதலாகச் சுருங்கிவிட்டிருந்தால், பிரித்துக் கேன்வாஸை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பயணப்பை | ஞாயிறு, இரவு 9.40

துவைக்கவில்லை, ஐயா. நீங்கள் சொன்னபடியே வளையம் உள்ளே போயிருந்தது. மெதுவாக இழுத்துவிட்டேன், நான்காவது இழுப்பில் வளையம் பயறு அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நெளிவுகள் இரண்டு மட்டும் மிச்சம். அவையும் முடிச்சு போட்டால் கோட்டுக்குள் போய்விடும் இடத்தில் இருக்கின்றன. நாளை கம்பம். இந்த டையைத்தான் கட்டப்போகிறேன்.

ஐப்பசி மாப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.15

எனக்குத் திருமணம் நல்லபடியாக முடிந்தது. முடி நேராக்கும் கருவியைத் தொடவில்லை. மண்டபத்துச் சமையற்கட்டில் இட்லிப் பானையைத் திறக்கும் நேரம் பார்த்து, டையைச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்பினோம். சுருக்கம் போய்விட்டது. சாம்பார் வாசம் மட்டும் வரவேற்பு முடியும்வரை கூடவே இருந்தது.